கண்ணுவுக்கு, பாப்பா வீட்டிலிருந்து

அன்புள்ள கண்ணுவுக்கு,

பாப்பா போட்டோ எல்லாம் அனுப்பினாள், நீ கட்டைவிரல் மட்டும் போட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனில் கியூ தோட்டத்துக்குப் போயிருந்தோம். 300 ஏக்கருக்கு மேல் இருக்கிற இடம். என் காலை வைத்துக்கொண்டு கேட் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாப்பா முன்கூட்டியே போன் போட்டு பேட்டரி ஸ்கூட்டர் சொல்லி வைத்திருந்தாள். துணைக்கு வந்த அவளுக்கு டிக்கெட் காசும் இல்லை. கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பனைகளுக்கென்றே 1848இல் கட்டி முடித்த கண்ணாடி வீடு ஒன்று. உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மேலே போக வெள்ளை இரும்புச் சுருள்படி. அது எனக்கில்லை, சரி. கீழே 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த, பார்க்கப் பனை மாதிரி இருக்கிற சைக்கட் மரம், இன்னும் தொட்டியிலேயே இருக்கிறது. தண்டு சாய்ந்து சாய்ந்தே வளர்ந்திருக்கிறது, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் மரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

1762இல் கட்டிய சீனக் கோபுரத்தில் 253 படி. பாப்பாவும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். பழனி அடிவாரத்தில் உங்கள் செருப்புக்கெல்லாம் காவல் இருந்தவளுக்கு இது புதுசா? ஆனால் மரங்களுக்கு மேலேயே ஒரு நடைபாலம் போட்டிருக்கிறார்கள், 18 மீட்டர் உயரம். அதற்கு லிஃப்ட் உண்டு. மரத்தின் உச்சியைக் கீழே குனிந்து பார்த்தேன் கண்ணு, இந்த வயசில். காற்றடித்தால் பாலம் லேசாக ஆடுகிறது. மாப்பிள்ளை கம்பியை விடவே இல்லை.

போகிற இடத்துக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. பொதுவாகச் சொல்கிறேன்.

நீ முன்னெல்லாம் வீடியோவில் அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டேதான் பேசுவாய், எனக்குத் தலை சுற்றும். இப்போது எப்போது கூப்பிட்டாலும் சோபாவில்தான் இருக்கிறாய். நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன எக்சர்சைஸை மட்டும் விடாதே. ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாயா? அங்கே லிஃப்ட் இருக்கிறதுதானே? இல்லையென்றால் கேள், கீழ்த்தளத்தில் இடம் கொடுப்பார்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

பத்தாவது படிக்கும்போது காலுக்குப் போடுகிற என் இரும்புக் காலிபரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதி வழியாகப் போய்ப் பட்டை தைத்து வந்தவன் நீ. பள்ளிக்கூடப் பையன்கள் எதிரே வந்தார்கள், உனக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. அதை இங்கே பாப்பாவின் சிநேகிதிகளிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது தெருமுனைக் கடைக்குக் கூட ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பாப்பாவிடம் சொன்னாளாம். அக்காவைக் கோபித்துக்கொள்ளாதே.

ரசப்பொடி தீர்ந்திருக்கும், அக்காவிடமே வாங்கிக்கொள். அப்புறம், என் அறை பீரோ மேல் பழைய கைத்தடி இருக்கிறது, ஆனால் உன் உயரத்துக்குப் பத்தாது. புதுசு வாங்குகிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டு நேராக நின்று அளவு பார்க்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்துபோனால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸில் வழுக்கும். புதன்கிழமை கூப்பிடுகிறேன், எடு.

அம்மா