வால்வ் மாற்ற ஆள் தேவை

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

"சுகமாக இருக்கிறேன் அப்பா, வேலை கூட, பிறகு கதைக்கிறேன்" என்று நீ அனுப்பியது கிடைத்தது. போன கிழமையும் இதே வரிதான், அதற்கு முந்தின கிழமையும் இதேதான். வேலை கூட என்றால் நல்லது. அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரிக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதம் என்றால் ஆறுதலாக வாசிக்கலாம், உடனே பதில் சொல்லத் தேவையில்லை. அதுதான் எழுதுகிறேன்.

பின் அறையை ஒதுக்கும்போது சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் அகப்பட்டது. மொத்த நினைவகம் 48 கிலோபைட். நீ அங்கே பனிக்குள் நின்று எடுத்து அனுப்புகிற ஒரு படம் கூட அதற்குள் அடங்காது. ரப்பர் விசைகள் பிசுபிசுத்துப் போயிருக்கின்றன. 'பி'யை அமத்தினால் 'பிரின்ட்' என்று முழுச் சொல்லும் விழுமே, 'ஜே' என்றால் 'லோட்', நினைவிருக்கிறதா? ப்ரோகிராம் ஏற்றுகிற கசெற் கீச்சிடும், திரை ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாய் ஓடும், பாதி வழியில் 'டேப் லோடிங் எரர்' என்று நின்றுவிடும். உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கசெற் பிளேயரின் ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காதை ஒட்டி வைத்துக் கேட்டு, மங்கின சத்தம் கூர்மையாகிற இடத்தில் டக்கென்று நிறுத்துவாய். தொழில் தெரிந்த எனக்கே அந்த இடம் இலேசில் பிடிபடாது. ரேடியோ திருத்த வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். எரர் வந்தால் ஓடிவந்து என்னிடம்தான் முதலில் சொல்வாய். அது அந்தக் காலம்.

விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிக் கோணேசர் மலையில் வைத்து உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1956இல் இந்தக் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். அதைவிட இப்போது எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1945 ஒக்டோபர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று. கணக்கு அச்சொட்டாகச் சரி. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று நினைத்தார். பழைய ரேடியோக்களில் பல்ப் மாதிரி எரியுமே, அந்த வால்வ் எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டும் அல்லவா? 1947இல் வால்வுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1964இல் சின்கொம் 3 என்ற செயற்கைக்கோள் ஒரு மனிதரும் இல்லாமல் மேலே நின்று டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்குக் காட்டியது. வானத்தில் வால்வ் மாற்றுகிற உத்தியோகம் பிறக்க முதலே செத்துப்போனது. பெரிய கெட்டிக்காரர்தான், உயரத்தைச் சொன்னவருக்கு ஆளைச் சொல்ல முடியவில்லை.

கீழே உவர்மலையில் அந்த உத்தியோகம் இன்னும் கொஞ்சக் காலம் இழுபட்டது. பிறகு ரேடியோ திருத்துகிற கூலியை விடப் புது செற் மலிவாகிவிட்டது. நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரிந்திருக்காது. விடியக் கடையைத் திறப்பேன், திருத்தி முடித்த செற்றையே திரும்பக் கழற்றிப் பூட்டுவேன், பின்னேரம் வந்து அம்மாவிடம் "இன்றைக்குச் சரியான வேலை" என்பேன். காசு இருக்கிற மாதிரிக் காட்ட நகுலண்ணையிடம் கைமாற்று வாங்கியும் கொடுத்திருக்கிறேன். மாதக்கணக்காக இப்படி ஓடியது. அம்மாவுக்கு முதல் கிழமையே விளங்கிவிட்டதாம், கம்ப்யூட்டர் கிளாஸ் தொடங்கின பிறகுதான் சொன்னார். ஏன் அப்பவே கேட்கவில்லை என்று நான் கோபித்ததும் உண்டு. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். கூரை வேலை முடிந்துவிட்டது.

ஏஐயை நானும் விட்டுவைக்கவில்லை. கிளாஸ் பிள்ளைகளின் சராசரிப் புள்ளி எடுக்க ஒரு ப்ரோகிராம் எழுதித் தா என்று தமிழிலேயே கேட்டேன். தேத்தண்ணி ஆற முதல் தந்தது. வாசித்துப் பார்த்தால், பரீட்சைக்கு ஒருவரும் வராத நாளில் பூச்சியத்தால் வகுக்கப் போகிறது. சொன்னேன். மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. கிளார்க்கின் கதையில் வரும் கம்ப்யூட்டர் ஹால் 9000 கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதும் இதே பணிவோடுதான், அதனால் எனக்கு அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. நீ என்றால் எழுதும்போதே பிடித்திருப்பாய். இதை நான் அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. சுஜாதாவின் கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோ புத்தகம் வாசித்து வாசித்துப் புத்திசாலியானது, இதுவும் அந்த வழிதான். எங்கள் வீட்டு நாய் ஜீனோ வாசித்தது செருப்புகளை மட்டும்.

லிங்க்ட்இன்னில் உன் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறவர்கள் போடுகிற ஒரு பச்சை வளையம் இருந்தது. அடுத்த நாள் பார்க்க இல்லை. ஏதாவது செற்றிங் மாறுபட்டிருக்கும். அம்மாவுக்கு லிங்க்ட்இன் தெரியாது, நான் சொல்லவும் போவதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஏழு வயதில் எரர் வந்தால் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இப்போது என்ன வந்தது என்று சில நேரம் எரிச்சல் வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைவு. தம்பி மோட்டார் சைக்கிளை எங்கோ கொண்டுபோய் இடித்திருக்கிறான், ஆளுக்கு ஒன்றும் இல்லை. மேல் அறைக்குப் புது ஃபேன் போட்டிருக்கிறோம், இணையமும் அங்கே நன்றாக வருகிறது. இங்கிருந்தே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கிற பெடியள் இருக்கிறார்கள். சும்மா சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க முழித்திருக்காதே.

காசு வேண்டாம் என்று முதலே எழுதிவிட்டேனா? அம்மாவின் பென்சனே போதும். நீ போன தடவை அனுப்பியது தொடாமல் கணக்கில் கிடக்கிறது. திருப்பி அனுப்ப என்ன படிவம் என்று வங்கியில் கேட்டேன், அங்கேயிருந்த பெடியன் சிரித்துவிட்டான். இங்கேயிருந்து கனடாவுக்குக் காசு அனுப்பக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். படிவம் எடுத்து வைத்திருக்கிறேன், உன் கணக்கு இலக்கத்தை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா