பிரேக் டிஸ்க் பெட்டியில் முதலில் எடையை அச்சிடுங்கள்

பிரேக் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) பேடும் (பிரேக் பிடிக்கும்போது அந்தத் தட்டை இறுக்கும் உராய்வுக் கட்டை) தயாரித்து உதிரிபாகச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கார் கம்பெனி பெட்டியில் வரும் பாகத்தை விட்டுவிட்டு உங்கள் பாகத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் விலைக்காக மட்டும் வருவதில்லை. நீண்ட நாள் உழைக்கும் பாகம் உங்களிடம் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர்களும் நிறைய. நானும் அவர்களில் ஒருவன். அப்படி வருகிறவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பெட்டியின் மேல் பந்தயக் கார் படம் இருக்கிறது, 'பிரீமியம்', 'ஹெவி டியூட்டி' என்ற சொற்கள் இருக்கின்றன. திறந்தால் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்க். அதன் விளிம்பில் ஓரிடத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். உறையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்ன எழுத்து. டிஸ்க்கை எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு நாள் உழைக்கும் என்று கணிக்க உதவும் எதுவும் பெட்டியில் இல்லை.

முதலில் எடை. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே அழுத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் எழுபது சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று கொண்டால், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 7 கிலோ இருக்கும்போது அந்த ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை சராசரியாக 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் ஏறும். அதே டிஸ்க் 5 கிலோதான் என்றால் 90 டிகிரியை நெருங்கும். மலைப்பாதையில் இறங்கும்போது டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த பிரேக் பிடிக்க வேண்டிவரும். சூடு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். பேடின் பிடி தளர்வதும், டிஸ்க்கில் வெடிப்பு விழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எடை குறைந்த டிஸ்க்கை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. விட்டமும் தடிமனும் கம்பெனி டிஸ்க்கைப் போலவே இருக்கும். உள்ளே காற்றோட்டத்துக்காக விட்ட இடைவெளி அகலமாகவும், இருபுறமும் உராயும் தட்டுகள் மெலிந்தும் இருக்கும். நடுவில் உள்ள தடுப்புகள் எண்ணிக்கையில் குறைந்திருக்கும். தராசில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். தராசைத் தூக்கிக்கொண்டு யாரும் டிஸ்க் வாங்கப் போவதில்லை. ஆகவே பெட்டியின் மேல் எடையை நீங்களே அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன்.

இரும்பைப் பற்றியும் சொல்லுங்கள். கார் டிஸ்க் பெரும்பாலும் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதில் கார்பன் கூடினால் வெப்பம் சீக்கிரம் பரவும், அதிர்வும் சத்தமும் அடங்கும். பலம் சற்றுக் குறைவதால் வேறு உலோகங்களைச் சேர்த்து ஈடுகட்டுவார்கள். உங்கள் டிஸ்க் எந்த வகை என்பதற்கு ஒரு வரி போதும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் துத்தநாகப் பூச்சு உண்மையிலேயே நல்ல விஷயம், ஈரமும் உப்பும் உள்ள இடங்களில் டிஸ்க்கின் ஆயுளைக் கூட்டும். ஆனால் பூச்சு வெளிப்பக்கம் மட்டுமா, உள்ளே காற்று போகும் வழியிலும் இருக்கிறதா? அதையும் எழுதுங்கள்.

துளை போட்ட டிஸ்க்கை 'அதிக உழைப்பு' என்று விற்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அன்றாடம் சாலையில் ஓடும் காரில் துளைகள் டிஸ்க்கின் எடையைக் குறைக்கின்றன, வெடிப்பும் பெரும்பாலும் துளையின் ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. கோடு வெட்டிய டிஸ்க் பேடின் முகத்தைச் சுத்தமாக வைக்கும், அதற்கு விலையாகப் பேடைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கேட்கிறவருக்குத் துளையில்லாத, கனமான, காற்றோட்டமுள்ள டிஸ்க்கைக் கொடுப்பதே நியாயம்.

அப்புறம் பேட். 'செராமிக்' என்ற சொல்லை இன்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. பேடின் விளிம்பில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துக் குறியீடு அதைவிட உபயோகமானது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள உராய்வு. 'ஈ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப் ஈ' என்ற பேட் சூடேறும்போது பிடியை இழக்கிறது என்று வாங்குகிறவருக்குப் புரியும். ஆனால் இந்தக் குறியீடு சிறு துண்டை வைத்துச் செய்யும் சோதனையின் முடிவு. தேய்மானத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஐ.நா. ஒழுங்குமுறை எண் 90 இதைவிடக் கறாரானது. அதன்படி, மாற்றுப் பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அந்தச் சோதனையில் தேறிய பேட் என்றால் பெட்டியில் பெரிதாகவே போடுங்கள். கட்டாயம் இல்லாத நாடுகளில் விற்கும் பேடையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

'ஆயுள் முழுக்க உத்தரவாதம்' என்று எழுதுகிறீர்கள். பேட் தேயாமல் இருப்பதற்காக அதைக் கடினமாக்கினால், அது டிஸ்க்கைத் தின்றுவிடும். எனக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஓடும் என்பது. நீங்களே டிஸ்க்கும் விற்கிறீர்கள், பேடும் விற்கிறீர்கள். எந்தப் பேடுக்கு எந்த டிஸ்க் ஜோடி, சோதனையில் இரண்டும் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தன என்ற கணக்கு உங்கள் கையில்தான் இருக்கும். பேடின் இரும்புத் தகட்டையும் மறக்காதீர்கள். வெறும் பெயின்ட் அடித்த தகடு, பேடில் பாதி மிச்சம் இருக்கும்போதே துருப்பிடித்து உராய்வுப் பொருளைக் கழற்றிவிடும். துத்தநாகம் பூசி, கொக்கிகளால் பிடித்துவைத்த தகடு என்றால் சொல்லுங்கள், அதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

பெட்டியில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 2010-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் பேடில் உள்ள செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின. கலிஃபோர்னியாவில் 2025 முதல் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதைக் காட்டுவதற்கென்றே மூன்று இலைகள் கொண்ட அடையாளம் பெட்டிகளில் வந்தது. சட்டம் கேட்டபோது இடம் கிடைத்தது. வாங்குகிறவர் கேட்கும்போதும் கிடைக்கட்டும்.

கடைசியாக, மாட்டும் முறை. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, புது டிஸ்க் வளைந்துவிட்டது என்று எத்தனை புகார்கள் உங்களுக்கு வந்திருக்கும்! பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே டிஸ்க்கை உட்காரவைத்திருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணல் இருந்தாலே போதும், ஓட ஓட ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தடிமன் மாறிவிடும். பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டினாலும் இதே நடுக்கம்தான். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் தண்டு, அதாவது காலிப்பர் பின், இறுகிக் கிடந்தால் உள்பக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும், பழி உங்கள் பேடின் மேல் விழும். ஹப்பைத் துடை, கோணலை அள, காலிப்பர் பின்னுக்கு உரிய கிரீஸ் போடு, நட்டுகளைக் குறுக்காக, சொன்ன அளவு இறுக்கு, முதல் நாள் இந்த வேகத்திலிருந்து இத்தனை முறை மிதமாகப் பிரேக் பிடித்து நடுவில் ஆறவிடு: உங்கள் பேடுக்கு எது சரியோ அதை, மெக்கானிக் நின்றபடியே படிக்கும் அளவு எழுத்தில், படத்தோடு ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். திரும்பி வரும் பாகங்கள் குறைந்தால் லாபம் உங்களுக்கும்தான்.

எல்லாத் தயாரிப்புகளிலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. உங்களிடம் அதிகம் விற்கும் முன் டிஸ்க், அதற்கான பேட், அந்த ஒரு ஜோடியில் தொடங்குங்கள். அடுத்த முறை பெட்டி அச்சடிக்கும்போது எடையை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள். மற்ற விவரங்கள் அடுத்தடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாகங்களை வாங்கி ஓட்டும் ஒருவன்