காலி நாற்காலி

பாளையங்கோட்டை,
20.6.2011

அன்புள்ள கூட்டாளிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. நமக்குக் காத்து மட்டும்தான். வீட்டுல மூட்டுவலி அப்படியே இருக்கு.

"உங்க தெரு புட்டபர்த்தி சாய்பாபா பக்தர்கள்லாம் இப்ப என்ன சொல்லுதாவ?"ன்னு கேட்டிருந்தீரு. எழுத்துலயே நக்கல் தெரியுது வேய். சொல்லுதேன்.

ஏப்ரல் 24, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை. எதுத்த வீட்டு டீச்சரம்மா கேக் கொண்டு வந்து வாசல்ல நிக்காங்க, டி.வி.யில பாபா போயிட்டார்னு செய்தி ஓடுது. மார்ச் 28-லேருந்து ஆஸ்பத்திரியில கிடந்த மனுஷன், எதிர்பாத்ததுதான். ஆனா பஜனை வீட்டுலேருந்து அழுகைச் சத்தம் கேட்டுது. "எங்க ஆண்டவர் எந்திரிச்ச நாளுல்லா சார் இது"ன்னு சொல்லிட்டு, டீச்சரம்மா நேரா அங்கதான் போனாங்க.

டீக்கடையில வேற கச்சேரி. சாமிக்கு ஏது சாவுன்னு ஒரு கூட்டம். 1993-ல அவர் ஆசிரமம் பிரசாந்தி நிலையத்துக்குள்ளயே ஆறு பேர் செத்தது, வெளிநாட்டுச் சீடர்கள் சொன்ன அசிங்கமான புகார் எல்லாத்தையும் தோண்டிப் போட இன்னொரு கூட்டம். அவர் மேல எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லலைன்னு ஒருத்தர் சொன்னா, விசாரிச்சாத்தானேன்னு அடுத்தவர்.

96 வயசு வரை இருப்பேன்னவர் 84-ல போயிட்டாரேன்னு கேட்டதுக்கு, ரிட்டையர்டு பேங்க்காரர் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி வச்சுக் கணக்குப் போட்டாரு. நட்சத்திரம் 27, அந்த 27 நாள்தான் ஒரு மாசம். 12 மாசத்துக்கு 324 நாள். 1926 நவம்பர் 23-லேருந்து எண்ணினா 30,833 நாள். வகுத்தா 95 முடிஞ்சு 96 நடக்கு! நானும் வகுத்துப் பாத்தேன், சரியாத்தான் வருது. விடையை முதல்ல எழுதிட்டு அதுக்கு வழி தேடுத கணக்கு. எத்தனை பசங்க நோட்டுல பாத்திருப்பேன்!

போன வாரம் பாபா குடியிருந்த யஜுர் மந்திர் வீட்டைத் திறந்து 98 கிலோ தங்கம், 307 கிலோ வெள்ளி, பதினொன்னரைக் கோடி ரொக்கம்னு பேப்பர்ல வந்துச்சுல்லா, பேங்க்காரர் ரெண்டு நாளா டீக்கடைப் பக்கமே காணலை.

நீர் ரொம்பச் சிரிக்காதீரும். நீர் சென்னையில குடிக்கிற கிருஷ்ணா தண்ணி வர்ற கண்டலேறு–பூண்டிக் கால்வாயை அவர் டிரஸ்ட் பணத்துலதான் சரி பண்ணினாங்க. 2007-ல நாத்திகர் கலைஞரே அவர்கூட மேடையில உக்காந்தாரு.

வியாழக்கிழமை பஜனைக்குப் போனேன். பக்தியெல்லாம் இல்ல, வேடிக்கைதான். அவருக்குன்னு போட்டிருப்பாங்களே, செவப்பு வெல்வெட் நாற்காலி, கீழ கால் வைக்க ஒரு மெத்தை. ஆள் போனபிறகு அதுல படத்தை வச்சு மாலை போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். இல்ல. எப்பவும்போல தூசி தட்டி, காலியாத்தான் கிடக்கு. மெத்தையில பள்ளம்கூட இல்ல, யாரும் ஒருநாளும் கால் வச்சதில்லையே.

சுண்டல் தந்த பையன், அந்த வீட்டு ஆச்சி பேரன். ரெண்டு வயசுல நெஞ்சுல ஓட்டைன்னு புட்டபர்த்திக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஒரு பைசா வாங்காம ஆபரேஷன் பண்ணி அனுப்பினாங்க. இப்ப ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆடுதான். அவன் கையால சுண்டலை வாங்கிட்டு 98 கிலோவைப் பத்திப் பேச எனக்கு வாய் வரலை. புகார் சொன்ன அந்த வெளிநாட்டுப் பசங்களையும் மறக்க முடியலை. இது ரெண்டையும் கூட்டவும் தெரியலை, கழிக்கவும் தெரியலை எனக்கு.

பையன் மெதுவாக் காதுல கேட்டான்: "சார், நீங்களும் பாபா மாதிரி கையில திருநீறு வரவழைப்பீங்களாமே?" யார் சொல்லியிருப்பா, உம்மைத் தவிர? பகுத்தறிவாளர் கோவூர் சாமியார்களுக்குச் சவால் விட்ட காலத்துல, கட்டைவிரல் இடுக்குல ஒளிக்கத் திருநீத்தைக் கஞ்சித்தண்ணியில பிசைஞ்சு உருண்டை பிடிச்சு உங்க மொட்டைமாடியில காய வச்சோமே, காக்கா தட்டி விட்டுட்டுப் போச்சே.

ஆனித் தேருக்கு வாரும். வந்து நீரே அவனுக்குக் காட்டும். எனக்கு இப்ப கட்டைவிரல் மடங்க மாட்டேங்கு.

உம்ம,
பழைய கணக்கு வாத்தி