செஸ் சிப்புக்குச் சந்தை இல்லை, பலகைக்கு இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

செஸ் ஆடுவதற்கென்றே தனி சிப் செய்து விற்றால் நல்ல எதிர்காலம் உண்டு என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் அதில் போடுகிற பணம் திரும்பாது என்பது என் உறுதியான கருத்து.

1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த, ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியை அவர் உதாரணம் காட்டுகிறார். அதில் செஸ்ஸுக்காகவே வடிவமைத்த 480 சிப்கள் இருந்தன. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. உண்மைதான். ஆனால் அது விற்பனைக்கு வந்த பொருளே அல்ல. காய்கள் நிற்கும் நிலையை எடைபோடும் அறிவு அந்த சிப்புக்குள் சுற்றுகளாகவே பதிந்திருந்தது. ஏற்கெனவே உள்ள அம்சங்களுக்குத் தரும் மதிப்பெண்களைக் கூட்டலாம், குறைக்கலாம். புதிதாக ஓர் அம்சத்தைச் சேர்க்க சிப்பையே மறுபடி வடிவமைக்க வேண்டும். 1996-இல் பிலடெல்பியாவில் காஸ்பரோவிடம் தோற்றபின் டீப் புளூவை உருவாக்கிய குழு அதைத்தான் செய்தது. ஐபிஎம் அந்தச் செலவைத் தாங்கும். சிப் விற்றுப் பிழைக்க வேண்டிய சிறு நிறுவனம் தாங்காது.

2005-இல் எஃப்பிஜிஏ சிப்களின் (தயாரித்த பிறகும் உள்சுற்றுகளை மாற்றியமைக்கக்கூடியவை) உதவியோடு ஹைட்ரா என்ற செஸ் கணினி, கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று வென்றது. மறு ஆண்டே, கடையில் வாங்கக்கூடிய இன்டெல் செயலிகளில் (பிராசசர்) ஓடிய டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் மென்பொருளிடம் உலக சாம்பியன் கிராம்னிக் தோற்றார். 2009-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியில், கைபேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் என்ற மென்பொருள் 10-க்கு 9.5 புள்ளி எடுத்தது. அது பார்த்தது நொடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு. டீப் புளூ பார்த்ததில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மென்பொருள் அவ்வளவு முன்னேறிவிட்டது.

தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலைப்பின்னல்கள் வந்தபிறகும் கதை மாறவில்லை. 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினும் (நகர்வுகளைக் கணக்கிடும் மென்பொருள்) அப்படி ஒன்றைப் பயன்படுத்துகிறது. ஒரு காய் நகரும்போது மாறுகிற பகுதியை மட்டும் சிறிய முழு எண்களில் திரும்பக் கணக்கிடுவதால், சாதாரணச் செயலியே போதும். அதுவும் இலவசம். எந்த மனிதரையும் வெல்லும் எஞ்சின் இலவசமாகக் கிடைக்கும்போது, அதைவிட வேகமான ஒன்றைக் காசு கொடுத்து வாங்கப்போவது யார்?

மக்கள் பணம் கொடுத்து வாங்குவது பலகையை. மின்னணுப் பலகைகளில் ஒரு வகையைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு காயின் அடியிலும் சிறு கம்பிச்சுருள் இருக்கும். ராஜாவுக்கு ஓர் அதிர்வெண், குதிரைக்கு வேறொன்று. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பலகை அதை வைத்தே கண்டுகொண்டு, நகர்வுகளைக் கணினிக்கு அனுப்பும். நாள் முழுக்கத் திரை பார்த்துக் களைத்த கண்ணோடு, மரக்காயைக் கையில் எடுத்து நகர்த்தி, தூரத்தில் இருக்கும் நண்பரோடு ஆட முடிகிறதே, அந்த அனுபவத்தை எந்தச் செயலியும் இலவசமாகத் தராது.

செஸ் வன்பொருளில் முதலீடு செய்ய நினைப்பவர்கள் இந்தப் பலகையின் விலையைக் குறைக்கப் பாடுபடட்டும். பெரிய போட்டிகளில் இத்தகைய பலகை உள்ள முன்வரிசை மேசைகளுக்கு மட்டும் கிடைக்கும் நேரடி ஒளிபரப்பு, கடைசி மேசையில் ஆடும் சிறுவனுக்கும் அப்போதுதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
செஸ் ஆர்வலரான ஒரு வாசகர்