பழைய இன்ஜினுக்கு எந்த ஆயில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொங்கு வட்டாரத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய கார்களும் ஜீப்புகளும் இன்னமும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஆயில் மாற்றப் போகிறவர்களிடம், சிந்தெடிக் ஆயில், அதாவது வேதிமுறையில் செயற்கையாகத் தயாரிக்கும் ஆயில், ஊற்றினால் இன்ஜின் புதிதுபோல ஓடும் என்று ஒரு கடையிலும், ஊற்றினால் சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விடும் என்று அடுத்த கடையிலும் சொல்கிறார்கள். பட்டறை நடத்துபவன் என்ற முறையில், இரண்டையுமே நான் ஏற்கவில்லை.

சீலைக் கெடுக்கும் என்ற பேச்சு தொடக்ககாலச் சிந்தெடிக் ஆயில்களால் வந்தது. இன்றைய ஆயில்களில் அந்தக் குறை இல்லை. ஆனால், காய்ந்து விறைத்துப்போன, இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீலின் ஓரத்தில் கசடு படிந்து ஒழுகலை அடைத்திருந்தால், அந்தக் கசடைக் கரைக்கும் ஆயிலையோ, 5டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலையோ ஊற்றியதும் ஒழுகல் வெளியே தெரிந்துவிடும். பழி மட்டும் சிந்தெடிக் மேல் விழும்.

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது கேனில் 20டபிள்யூ-50 என்பதுபோல அச்சிட்டிருக்கும் அந்தக் கெட்டித்தன்மை எண்ணைத்தான். முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். 20டபிள்யூ ஆயிலுக்கான குளிர்ச் சோதனையே மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது; ஊட்டியின் உறைபனியில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தேய்ந்த பேரிங்குகளுக்கு இடையே அழுத்தம் குறையாமல் நிற்பதற்குப் பின்னால் உள்ள எண்தான் முக்கியம். ஆகவே, வண்டியின் கையேட்டில் 20டபிள்யூ-50 என்றோ 15டபிள்யூ-40 என்றோ இருந்தால், அதே எண்ணில் நல்ல மினரல் ஆயிலே (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஆயில்) போதும்.

சிந்தெடிக்குக்குச் செலவழிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் அடிக்கடி பாரம் ஏற்றிச் செல்லும் டர்போ டீசல் வண்டிக்கு, கடும் சூட்டிலும் எளிதில் கெடாத அந்த ஆயில் மிகவும் உதவும். அதற்கு இன்ஜின் நல்ல நிலையில் இருக்க வேண்டும். மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வந்து, மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை கிளம்பினால், வால்வு சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கும் இன்ஜினில் விலையுயர்ந்த ஆயிலை ஊற்றுவது பணத்தைப் புகையாக விடுவதுதான். அந்தப் பணத்தில் சீலையும் பிஸ்டன் ரிங்கையும் பார்ப்பது நல்லது.

பைக் வைத்திருப்பவர்கள் கார் ஆயிலை ஊற்ற வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட கிளட்சு வழுக்காமல் இருக்க ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஊற்றிய ஆயிலின் எண்ணையும், மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டரையும் எல்லாப் பட்டறைகளும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும் என்றும், கேனின் சீலை உரிமையாளர் முன்னிலையில்தான் உடைக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சங்ககிரி.