ஆயிலையும் பெல்ட்டையும் கவனித்தால் ஃபோர்டு ஓடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் விளம்பரங்களில் ஃபோர்டு வண்டிகளுக்குக் கேட்கப்படும் விலையைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. அதே வயது, அதே கிலோமீட்டர் ஓடிய மற்ற வண்டிகளைவிடக் குறைத்துத் தள்ளிவிடுகிறார்கள். "கம்பெனியே போயிருச்சு, இனி ஸ்பேருக்கு எங்க போறது" என்ற பயம்தான் காரணம். ஸ்பேர் இன்றும் கிடைக்கிறது. இந்த வண்டிகளை உண்மையில் சாகடிப்பவை தப்பான இன்ஜின் ஆயிலும், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் கெடு தாண்டி ஓடுவதும்தான். சர்வீஸ் தேதியை ஞாபகப்படுத்த முன்பு ஷோரூமிலிருந்து போன் வந்தது. இன்று அந்த ஷோரூம்கள் பல இல்லை. கணக்கை வண்டிக்காரரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நாங்கள் அதற்கான விவரங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

ஹென்றி ஃபோர்டு 1903-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி இது. 1908-ல் வந்த மாடல் டி காரைக் குடியானவர்கள் விரும்பி வாங்கியதற்கு முக்கியக் காரணம், சாதாரண ஸ்பேனர்களை வைத்துத் தோட்டத்திலேயே பழுது பார்க்க முடிந்ததுதான். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். இந்தியாவுக்கு 1926-லேயே, கனடா ஃபோர்டின் கிளையாக வந்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபின் 1950-களில் கடையை மூடினார்கள். மறுபடி 1995-ல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்து, 1996-ல் எஸ்கார்ட் விட்டார்கள். பிறகு சென்னைக்கு அருகே மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட் என்று விட்டார்கள். அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டும் அந்த ஆலையில் செய்து கப்பலேறியதுதான். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சனந்த் ஆலை டாடாவுக்குப் போயிற்று. மறைமலைநகரில் 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றது.

முதல் வேலை, உங்கள் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்று தெரிந்துகொள்வது. ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்ற பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் மூன்று நான்கு இன்ஜின்கள் வந்திருக்கின்றன. ஆர்.சி.யில் சி.சி. அளவும் சிலிண்டர் எண்ணிக்கையும் இருக்கும், அதைப் பாருங்கள். பெட்ரோல் ஈகோஸ்போர்ட்டில் 1499 சி.சி., 4 சிலிண்டர் என்றால் அது டிஐ-விசிடி என்ற பழைய இன்ஜின். 1497 அல்லது 1496 சி.சி., 3 சிலிண்டர் என்றால் 2017 கடைசியில் வந்த டிராகன் என்ற இன்ஜின். ஃபிகோ, ஆஸ்பயர் பெட்ரோலில் 1196 சி.சி. பழையது, 1194 சி.சி. டிராகன். ஃப்ரீஸ்டைல் பெட்ரோல் எல்லாமே டிராகன்தான். ஆயிரம் சி.சி.க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் ஈகோபூஸ்ட் டர்போ. டீசலில் 1498 சி.சி. என்பது 1.5 டிடிசிஐ. முதல் ஃபிகோவில் வந்த டீசல் 1.4.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், டிராகனிலும் ஈகோபூஸ்ட்டிலும் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டு ஓடுகிறது. வெளியில் கவர் கழற்றிப் பார்க்கிற பெல்ட் அல்ல. அதன் ரப்பர் அதற்கென்று சொன்ன ஆயிலைத்தான் தாங்கும். ஈகோபூஸ்ட்டுக்கு 5டபிள்யு-20, ஃபோர்டு குறியீடு டபிள்யுஎஸ்எஸ்-எம்2சி948-பி. டின்னில் அந்தக் குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். "எல்லா பெட்ரோல் வண்டிக்கும் இதுதான் சார் ஊத்தறோம்" என்று பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றுகிற இடத்தில் இந்த வண்டியை விடவே கூடாது. டிராகன் வைத்திருப்பவர்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கொள்ளளவு அட்டவணையைப் பாருங்கள். டபிள்யுஎஸ்எஸ் என்று தொடங்கும் குறியீடு அங்கே இருக்கும்.

தப்பான ஆயிலில் ரப்பர் ஊறி உப்பி, ஓரத்தில் பிய்ந்து, கருப்புத் துணுக்குகளாக உதிரும். அவை இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் பிரஷர் போய், டர்போவும் பேரிங்குகளும் தேய்ந்துவிடும். சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் அதுதான் கடைசி எச்சரிக்கை. அதோடு ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கழற்றிய பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். கருப்பு ரப்பர் துணுக்கோ நூல் பிசிறோ இருந்தால் சம்ப்பை இறக்கிச் சல்லடையைக் கழுவி, பெல்ட்டை உடனே மாற்ற வேண்டும். கம்பெனி சொன்னது 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. நனைந்த பெல்ட் வண்டிக்கு 7,500 கி.மீ. போதும் என்பது எங்கள் கருத்து. டவுனுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி அணைக்கப்படும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து சேரும், அதுவும் ரப்பருக்கு ஆகாது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ் என்று விற்கும் திரவம் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள்.

பழைய 4 சிலிண்டர் பெட்ரோலில் பெல்ட் வெளியே, உலர்ந்த இடத்தில் ஓடுகிறது. அங்கே கெடுவது பெல்ட்டைவிட அதை மாற்றும் முறை. இந்த இன்ஜினில் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவிக் கட்டை கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. பெயின்ட்டில் குறி வைத்துப் பெல்ட்டை மாற்றிவிடலாம் என்று நினைத்து போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் நழுவிவிடும். கேம் பூட்டும் தகடும் கிராங்க் டைமிங் பின்னும் வைத்துப் பூட்டியபின்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பழைய போல்ட்டை மறுபடி போடக் கூடாது. புதியதை டார்க் ரெஞ்சில் இறுக்கி, பிறகு கோணக் கணக்கில் திருப்ப வேண்டும். மெக்கானிக்கிடம் "லாக்கிங் டூல் இருக்குங்களா" என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அவர் மேல் குறையில்லை. வேறு இடம் பாருங்கள், அவ்வளவுதான்.

டீசல் 1.4, 1.5 இரண்டிலும் பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் வேலை வந்துவிடும். கையேட்டில் கிலோமீட்டர் கணக்கும் ஆண்டுக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. தோட்டத்துக்கும் டவுனுக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளில் கிலோமீட்டர் சேராது, ஆனால் ரப்பருக்கு வயதாகிவிடும். 2013, 2014-ல் வாங்கிய டீசலில் இதுவரை பெல்ட்டைத் தொடவில்லை என்றால் இந்த மாதமே மாற்றுங்கள். எங்கள் கணக்கு 1 லட்சம் கி.மீ. அல்லது 8 ஆண்டு. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, ஆகவே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் தாங்கும் ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப்பை மட்டும் மிச்சம் பிடித்தால் பின்னால் அது கசியும்போது பெல்ட்டையும் கூடவே கெடுக்கும், கூலியும் இரண்டு முறை.

இதே டீசலில் இன்னொரு நோய் இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது விட்டுப்போனால் இன்ஜின் மேலே "புஸ் புஸ்" என்று சத்தம் வரும், ஏ.சி. வழியாகப் புகைவாசம் உள்ளே வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கரி கட்டும். சீக்கிரம் பார்த்தால் சின்ன வேலை. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாக அரைத்துப் புது வாஷர் போட வேண்டும், கழற்றிய வாஷர் மறுபடி உதவாது. விட்டுவைத்தால் கரி ஆயிலில் கலந்து டர்போவுக்கு ஆயில் போகும் குழாயை அடைத்துவிடும். டர்போ போய், புது டர்போ போட்டு, அதுவும் கொஞ்ச நாளில் போயிற்று என்ற புகார்களில் பல இப்படி வருபவைதான். டர்போ மாற்றும்போது ஆயில் குழாயை மாற்றாமலும் சம்ப்பை இறக்கிக் கழுவாமலும் வண்டியைக் கொடுக்கக் கூடாது. பிக்கப் திடீரென்று குறைந்து, கரும்புகையும் விசில் சத்தமும் வந்தால் டர்போ என்று பயந்துவிடாதீர்கள், முதலில் டர்போவின் காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸில் கீறல் இருக்கிறதா பாருங்கள். டீசல் ஃபில்டர் மாற்றியபின் கைப்பம்ப்பை அழுத்திக் காற்றை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஹை பிரஷர் பம்ப் தேயும்.

பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசலில் சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. ஆர்.எஸ்.புரத்துக்கும் காந்திபுரத்துக்கும் மட்டும் போய்வந்தால் அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் அவிநாசி, பெருந்துறை வழியாகச் சேலம் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரே சீராக 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

ஆட்டோமேட்டிக் ஈகோஸ்போர்ட் பழையதாக வாங்குகிறவர்கள் ஆண்டைப் பாருங்கள். 2017 மாற்றத்துக்கு முந்தையதில் இருப்பது பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். மெதுவாக நகரும்போது நடுக்கம், கியர் விழாமல் போவது, கன்ட்ரோல் மாட்யூல் பழுது என்று உலகம் முழுக்கப் பேர் கெட்டது. ஆஸ்திரேலியாவில் இது சம்பந்தமான புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ திம்பத்தின் 27-லோ லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுவதுதான் அந்தக் கிளட்சுக்கு ஆகாதது. முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, நின்று நின்று ஏறுங்கள். ஆக்சிலேட்டரில் தாங்கி நிறுத்தாதீர்கள். அதற்குப் பின் வந்த 6 கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களிலும் வாட்டர் பம்ப்பிலும் படிந்து அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து ஊற்றுங்கள். ஆரஞ்சு நிறக் கூலன்ட் இருக்கும் வண்டியில் பச்சையைக் கலக்காதீர்கள்.

ஸ்பேர் தேடும்போது பொருளின் பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்லுங்கள். ஃபோர்டு பார்ட் நம்பரின் நடுவில் இருக்கும் எண் எந்தப் பொருள் என்பதைக் காட்டும். 6731 என்றால் ஆயில் ஃபில்டர், 9601 என்றால் ஏர் ஃபில்டர். முன்னால் வருவது எந்த வண்டிக்காக வடிவமைத்தது என்பதையும், கடைசி எழுத்துகள் எத்தனையாவது திருத்தம் என்பதையும் சொல்லும். கடைசி எழுத்து மட்டும் மாறினால் பெரும்பாலும் அடுத்த திருத்தம்தான், விசாரித்து வாங்கலாம். ஃபில்டரிலும் பெல்ட்டிலும் போலி அதிகம், பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளும், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி அடாப்டரும் இருந்தால் கோளாறுக் குறியீடுகளைச் செல்போனிலேயே படித்துவிடலாம். கீழ் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, இன்ஜின் மவுன்ட் போன்றவை தேய்கிற சாமான்கள். அவை எங்கும் கிடைக்கும், அவற்றுக்காக வண்டியை விற்க வேண்டியதில்லை.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2024 செப்டம்பரில், மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்தும் விருப்பக் கடிதத்தை ஃபோர்டு தமிழக அரசிடம் கொடுத்தது. ஆலை திறப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. பேச்சுவார்த்தையில் இங்கே ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளையும் சேர்த்துப் பேச வேண்டும். சர்வீஸ் கையேடு, வயரிங் படம், சாவி புரோகிராம் செய்யும் மென்பொருள் ஆகியவற்றைத் தனியார் ஒர்க்ஷாப்புகளும் நியாயமான கட்டணத்தில் வாங்க வழி வேண்டும். டைமிங் பெல்ட், ஏர்பேக், ஏபிஎஸ், கன்ட்ரோல் மாட்யூல் போன்றவற்றை எத்தனை ஆண்டுக்குத் தருவார்கள் என்பது எழுத்தில் வேண்டும். கோவையில் ஒரு உதிரிபாகக் கிடங்கு வேண்டும். புஷ்ஷையும் ஹோஸையும் பிராக்கெட்டையும் நம் ஊர் லேத் பட்டறைகளிலேயே செய்துகொள்ளலாம். ஏர்பேக்கையும் கன்ட்ரோல் மாட்யூலையும் அப்படிச் செய்ய முடியாது. அவற்றைக் கம்பெனிதான் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கித் தரும் இடத்தில் அரசுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சிலர்,
கணபதி, கோயம்புத்தூர்