பாட்டியின் சங்கிலியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்படிக் கறுத்துப்போயிருக்கிறதே, நல்ல வெள்ளிதானா என்று கேட்டிருக்கிறாய். நல்ல வெள்ளிதான் கண்ணு. கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று பொடியாக முத்திரை இருக்கும், பார். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பதால் முன்பே உரைகல்லிலும் உரைத்துப் பார்த்துவிட்டோம்.

காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் மேலே கறுப்பாக ஒரு படலம் படியும். வெள்ளி அரித்துப்போய்விட்டதாக நினைத்துப் பயப்படாதே. ஆனால் படத்தில் சங்கிலியை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்திருக்கிறாயே, அதை முதலில் எடுத்துவிடு. ரப்பரிலும் கந்தகம் உண்டு. அது பட்ட இடம் இன்னும் சீக்கிரம் கறுக்கும். காற்றுப் புகாத சின்னப் பையில் தனியாகப் போட்டு வை. அதைவிட நல்லது, அடிக்கடி கழுத்தில் போட்டுக்கொள்வது. உடம்பிலும் துணியிலும் உரசிக்கொண்டே இருந்தால் படலம் தங்காது. பிளீச்சிங் பவுடரைத் தொடும்போதும் நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் மட்டும் கழற்றிவிடு.

பற்பசை போட்டுத் தேய்க்காதே. வெள்ளி மென்மையானது, கீறல் விழும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும், கழுவியதும் ஈரமில்லாமல் துடைத்துவிடு. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார்கள். உண்மைதான், வெறும் சங்கிலிக்கு அது சரிவரும். பதக்கத்தை மட்டும் அதில் போட்டுவிடாதே. பூ வேலைப்பாட்டுப் பள்ளங்களில் தெரிகிற கறுப்பு அழுக்கில்லை, இதழ்கள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று செய்தவரே ஏற்றியது. அது போனால் பூ தட்டையாகிவிடும். நடுவில் இருக்கும் முத்தும் அந்தத் தண்ணீரைத் தாங்காது.

இனி அந்த அறுந்த கண்ணி. இதில்தான் நீ அவசரப்பட்டுவிடுவாயோ என்று எனக்குப் பயம்.

நீ பிறப்பதற்கு முன் இதே சங்கிலி ஒருமுறை அறுந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் கொடுத்தேன், கால் மணி நேரத்தில் ஒட்டித் தந்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி. ஈயம் வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். சில வாரத்தில் அதே இடத்தில் விட்டுப்போனது. பிறகு வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு கண்ணியாக நகர்த்திப் பார்த்தார். ஈயத்தைச் சுத்தமாக அரம் போட்டு எடுக்காமல் சூடு காட்டினால் அது வெள்ளியையே தின்று குழி பறித்துவிடும் என்றார். அதோடு, பக்கத்துக் கண்ணிகள் இரண்டும் தேய்ந்து நூலாகியிருப்பதை எனக்கே காட்டி, அறுந்ததை மட்டும் ஒட்டினால் அடுத்தது அறுந்துவிடும் என்றார். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். அன்றிலிருந்து வேலைக்குக் கை நீட்டுவதற்கு முன் பொருளைப் பார்க்கிறவரிடம்தான் என் நகையைக் கொடுக்கிறேன்.

நீயும் கேள். எதை வைத்துப் பற்ற வைப்பீர்கள்? வெள்ளிப் பொடி, அதாவது சீக்கிரம் உருகுகிற வெள்ளிக் கலவை, வைத்துத் தீ ஊதி ஒட்டுவதாகச் சொன்னால் நல்லது. வேலை இங்கேயே நடக்குமா, வெளியே அனுப்புவீர்களா? எடுத்த பழைய கண்ணியைத் திருப்பித் தருவீர்களா? கேட்டால் முகம் சுளிக்கிறவர் வேண்டாம். "இது என்னால் ஆகாது" என்று ஒரு வேலையையாவது மறுக்கிறவரை நம்பிப் போகலாம். உன் கண்ணெதிரே எடை போட்டு, எடையையும் செய்யப்போகும் வேலையையும் ரசீதில் எழுதித் தரட்டும். திரும்ப வாங்கும்போது எடை சற்று மாறலாம், பொடியும் புதுக் கண்ணியும் சேர்கிறதே. எவ்வளவு, ஏன் என்று அவர் சொல்ல வேண்டும். பற்று வைத்த இடத்தை விரலால் தடவிப் பார், நகத்தில் தட்டக் கூடாது.

பதக்கத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, சங்கிலியை மட்டும் கொண்டுபோ. முத்துக்குச் சூடு ஆகாது.

கொடுப்பதற்கு முன் எத்தனை கிராம் என்று எனக்கு எழுது. பெரியவர் அன்று போட்ட எடை என் பழைய நோட்டில் இருக்கிறது, ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா